நடுவிலிருந்து வாசித்த புத்தகம்

19 வருடங்களாகப் பாடசாலையில் இஸ்லாமும் அறபும் படிப்பித்துவரும் ஒரு மௌலவி, மூன்று இரவுகள் கண்விழித்து, இரத்தம் குடிக்கும் காட்டேறிகளின் காதல் கதையொன்றை வாசித்து முடித்தார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சிலர் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்றும் சொல்லக்கூடும். அந்த மௌலவி நான்தான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஏசுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

2022 மார்ச் மாதக் கடைசி. அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. நோன்பு பிறக்க இன்னும் சில நாட்களே இருந்தன. என் மூத்த மகளுக்கு அப்போது 16 வயது. கொரோனாவால் பிற்போடப்பட்ட சாதாரண தரப் பரீட்சை மே மாதம் வரப்போகிறது. பிள்ளை ரோர்ச் வெளிச்சத்தில் பாடம் படிக்கிறாள் என்று நானும் மனைவியும் மனம் கசிந்து துஆச் செய்துகொண்டிருந்தோம்.

ஓர் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு எழுந்தேன். மகளின் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. விலக்கிப் பார்த்தேன். பிள்ளை தூங்கிவிட்டாள். ரோர்ச் எரிந்தபடி கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம். கறுப்பு அட்டை, அதில் சிவப்பு மணலோடு ஒரு மணற்கடிகாரம். வரலாறும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ரோர்ச்சையும் எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக்கு வந்தேன்.

"புள்ளைக்கி இந்த நேரத்தில ஏசாதீங்க" என்றார் மனைவி, பாதித் தூக்கத்தில்.

ஏசவில்லை. ஏசுவதற்கு முன் என்ன குற்றம் என்று தெரியவேண்டுமல்லவா? உண்மையைச் சொன்னால், குற்றப்பத்திரம் தயாரிக்கத்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன்.

அது ஸ்டெஃபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதியது. 'ட்வைலைட்' என்று உலகமெல்லாம் ஓடிய கதைத் தொடரைச் சேர்ந்த ஒரு குறுநாவல். தொடரின் பெரிய புத்தகங்கள் நான்கு. 2005 முதல் 2008 வரை ஆண்டுக்கொன்றாக வந்தவை. இந்தச் சிறியது 2010 ஜூன் மாதம் வந்தது. கதை நடக்கும் காலமோ மூன்றாவது புத்தகமான 'எக்லிப்ஸ்' நடக்கும் காலம். அந்தப் பெரிய கதையில் கடைசியில் சில பக்கங்கள் மட்டும் தலைகாட்டிவிட்டு மறையும் ப்ரீ டனர் என்ற சிறுமியின் கதை இது. இவையெல்லாம் பின்னால் மகள் சொல்லி அறிந்தவை. அன்றிரவு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பெரிய புத்தகங்களைச் சிநேகிதியிடம் இரவல் வாங்கி வாசித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மிஞ்சிக் கிடந்தது இது ஒன்றுதான். ஆக, நான்கு பெரிய புத்தகங்களின் நடுவில், கதவும் இல்லாத ஜன்னலும் இல்லாத ஓர் இடத்தில் போய் நுழைந்தேன். புத்தகத்தின் பெயரில் 'ஷோர்ட்' என்றொரு சொல் இருந்தது. புத்தகம் சிறியது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அந்தச் சிறுமியின் ஆயுளைச் சொல்லும் சொல் அது என்று பிறகுதான் விளங்கியது.

ஓதிய காலத்தில் எனக்கு இப்படியொரு அனுபவம் உண்டு. அறபுக் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வருடம் கொப்பளிப்பான் வந்து ஒரு மாதம் வீட்டில் கிடந்தேன். திரும்பிப் போனபோது உஸ்தாத் நஹ்வுக் கிதாபில் எங்கோ நடுவில் நின்றார். 'அது அதனிடம் மீளும்' என்கிறார். எது? எதனிடம்? பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டுகிறார்கள், நானும் ஆட்டினேன். உஸ்தாத் அதைக் கண்டுகொண்டார். "ளமீரைக் கண்டா மர்ஜிஃஐத் தேடு. மர்ஜிஃ கிடைக்காட்டி எழும்பிக் கேளு. தலைய ஆட்டாதே" என்றார். ளமீர் என்பது 'அவன்', 'அவள்' போன்ற பிரதிப்பெயர். மர்ஜிஃ என்பது அந்த 'அவள்' யாரைக் குறிக்கிறதோ அந்த ஆள்.

இந்தக் குறுநாவலில் ஓர் 'அவள்' வருகிறாள். பக்கம் பக்கமாக வருகிறாள். எல்லோரும் அவளுக்கு நடுங்குகிறார்கள். பெயர் சொல்லவே அஞ்சுகிறார்கள். மர்ஜிஃ இல்லாத ளமீர்! தொடரை முதலிலிருந்து வாசித்தவர்களுக்கு அவள் யாரென்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். விக்டோரியா என்ற சிவந்த முடிக்காரி. முதலாம் புத்தகத்தில் அவளுடைய துணைவனை வேறொரு குடும்பத்தார் கொன்றுவிட்டார்கள், அதற்குப் பழிவாங்க அலைகிறாள். எனக்கு அது தெரியாது. ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. கதை சொல்லும் அந்தச் சிறுமிக்கும் தெரியாது! அவளும் என்னைப்போல நடுவில் கொண்டுவந்து தள்ளப்பட்டவள். யாருடைய சண்டை, எதற்காக, எதிரி யார், ஒன்றும் தெரியாமல் அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அத்தியாயப் பிரிவுகூட இல்லை. மூச்சுவிட இடமில்லாமல் கதை ஓடுகிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

கதை இதுதான். வீட்டில் வாப்பாவின் கொடுமை தாங்காமல் ஓடிவந்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரத் தெருக்களில் பசியோடு திரிந்த 15 வயதுப் பிள்ளை ப்ரீ. ரைலி என்ற அழகான வாலிபன் ஒருவன் வருகிறான். பேர்கர் வாங்கித் தருகிறேன் வா என்கிறான். போகிறாள். அவ்வளவுதான். அதோடு அவளுடைய மனித வாழ்க்கை முடிந்தது. இரத்தம் குடிக்கும் காட்டேறியாக மாற்றப்பட்டு, அப்படியே பிடித்து வரப்பட்ட ஏறத்தாழ இருபது பேரோடு ஒரு வீட்டின் நிலவறையில் அடைக்கப்படுகிறாள். எல்லாம் வயதுக்கு வந்தும் வராத பிள்ளைகள். தேடுவாரில்லாத பிள்ளைகள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே பொறுக்கியெடுத்த பிள்ளைகள்.

அந்தப் பேர்கரில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருவன், வீட்டில் சாப்பாடு சரியில்லாமல் யாரோ தேத்தண்ணீரும் கொத்துறொட்டியும் வாங்கிக் கொடுத்த பின்னால் போய், தூளில் மாட்டிக்கொண்டான். வாங்கிக் கொடுத்தவன் கெட்டவன் என்று அவனுக்கு நான் எத்தனையோ தரம் சொன்னேன். "அவருதான் சேர் நான் சாப்பிட்டேனாண்டு கேட்டாரு" என்றான் அவன். நான் அப்படிக் கேட்டதில்லை. தொழுதாயா என்று கேட்டிருக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். நிலவறையில் அடைத்தவர்களை எப்படி வெளியே ஓடாமல் வைத்திருப்பது? அவர்கள் கல்லை நொறுக்கும் பலசாலிகள். சங்கிலி செல்லாது. ரைலி ஒரு வார்த்தையால் கட்டிப்போடுகிறான். 'வெயில் பட்டால் எரிந்து சாம்பலாவீர்கள்!' அவ்வளவுதான் சங்கிலி. பகலெல்லாம் நிலவறை, இரவில் வேட்டை. யாரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் காட்டேறிக்கு வெயில் ஆகாது என்று அவர்கள் சினிமாவில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்!

இதை நான் பின்னர் தேடிப் பார்த்தேன், ஆச்சரியமாக இருந்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'தான் இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் பெரிய கிதாபு மாதிரி. அதில் அந்தப் பிரபு லண்டன் நகரத்தில் பட்டப்பகலில் நடமாடுகிறான். வெயில் அவனுடைய சக்தியைக் குறைக்கும், கொல்லாது. வெயில் பட்டு அழியும் விஷயத்தைக் கொண்டுவந்தது 1922இல் ஜேர்மனியில் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படம். ஒரு படக்காரர் செய்த உபாயம், நூறு வருடத்தில் எல்லோருக்கும் தெரிந்த 'உண்மை'யாகிவிட்டது. கதையிலேயே ஆதாரமில்லாத செய்தி இப்படி முத்தவாத்திர் ஆகிவிடுமென்றால் மற்றதை என்ன சொல்வது!

அறபு படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. பிணம் தின்னும் பேயை ஆங்கிலத்தில் 'கூல்' என்கிறார்களே, அது அறபுச் சொல். பாலைவனத்தில் வழிப்போக்கரைத் திசைதிருப்பி அழிக்கும் உருமாறும் பேயொன்று உண்டு என்று அறியாமைக்கால அறபிகள் நம்பினார்கள். அதற்குப் பெயர் 'ஙூல்'. 1786இல் வெளியான வில்லியம் பெக்ஃபோர்டின் 'வதெக்' என்ற கதையோடு அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. அந்த நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அதே மூலத்திலிருந்து பிறந்த 'இக்தியால்' என்ற சொல்லுக்கு இன்றைய அறபில் மறைந்திருந்து படுகொலை செய்தல் என்று பொருள். ரைலி எனக்கு ஒரு ஙூலாகத்தான் தெரிந்தான். வழி காட்டுவதாகச் சொல்லி வழியைப் பறித்தவன்.

இரண்டாம் இரவு டியேகோ என்ற வாலிபன் வருகிறான். தம்பியைத் தெருக் கும்பலிடம் பறிகொடுத்தவன். மற்றவர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருக்க, இவனும் ப்ரீயும் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். ப்ரீ வாசிக்கும் பழக்கமுள்ளவள். ஃப்ரெட் என்றொருவன் இருக்கிறான். அவனைப் பார்த்தாலே யாருக்கும் குமட்டும், கிட்டே போக ஏலாது. அப்படியொரு தன்மை. அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்து புத்தகம் வாசிப்பாள். என் மகள் இந்த ப்ரீயை ஏன் விரும்பினாள் என்பது அந்த இடத்தில் விளங்கிற்று. போர்வைக்குள் ஒளிந்து வாசிப்பவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வாசிப்பவள் சிநேகிதிதானே.

காதல் என்று பார்த்தால் இந்தப் புத்தகத்தில் அதிகம் இல்லை. குற்றப்பத்திரத்துக்கு ஒரு முத்தமும், களவும், கொலையும் கிடைத்தன. கொலைதான் கூட. இரத்தம் குடிக்கும் இடங்களை அந்தப் பிள்ளை ஒரு பேரீத்தம்பழம் சாப்பிடுவதுபோல இலேசாகச் சொல்லிக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடிக்கவில்லை. செத்தவர்களுக்கும் உம்மா வாப்பா இருந்திருப்பார்கள். இதை மகளிடமும் சொன்னேன். எழுதியவர் அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்பது இப்போதும் என் அபிப்பிராயம்.

டியேகோ ஒருநாள் வெயிலுக்குள் கையை நீட்டிப் பார்க்கிறான். பிறகு உடம்போடு போய் நிற்கிறான். எரியவில்லை. உடம்பு வைரக்கல்போல மினுமினுக்கிறது, அவ்வளவுதான். ப்ரீ குகை இருட்டுக்குள் நின்று நடுங்கியபடி பார்க்கிறாள். அவளும் வெளியே வருகிறாள். வெயிலில் நின்ற சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். வெயில் பொய்யென்றால் ரைலி சொன்னதில் வேறெதெல்லாம் பொய்? டியேகோ நல்லவன். ரைலிக்கும் இது தெரியாமல் இருக்கலாம், சொன்னால் சந்தோஷப்படுவான் என்று நினைக்கிறான். சிநேகிதனிடம் போய்ச் சொல்கிறான். அதன் பின் அவனைக் காணவில்லை. பகலில் போருக்குப் போகவேண்டி வந்ததும் ரைலி பழைய பொய்க்கு மேல் புதிய பொய்யொன்றை வைத்துச் சமாளிக்கிறான். கேட்க யாருமில்லை.

வாசகர்களே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து முற்றத்தில் நடந்தேன். ஊரே இருட்டு. 2019 ஏப்ரல் 21 என் நெஞ்சில் வந்து நின்றது. அந்த ஈஸ்டர் ஞாயிறு 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேவாலயத்துக்குப் புத்தாடை உடுத்துப் போன குழந்தைகளும் அதில். அதைச் செய்தவர்களும் இதே மண்ணில், எங்களைப்போலவே ஓதக் கற்றவர்கள். வெளியே எல்லாம் நெருப்பு, நாங்கள் சொல்வது மட்டும் நிழல் என்று யாரோ அவர்களையும் ஓர் அறைக்குள் வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். வளர்ந்த மனிதர்கள், படித்தவர்கள், பசித்துத் திரிந்த சிறுவர்களல்லர். ஆகவே ப்ரீக்கு இரங்கியதுபோல அவர்களுக்கு இரங்க என்னால் முடியாது. ஆனால் அறையும் பூட்டும் ஒன்றுதான் என்று பட்டது. அதைத் தொடர்ந்த வாரங்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, நான் ஓதிய காலத்துக் கிதாபுகளை, சட்டவிரோதமான ஒரு வரிகூட இல்லாத நஹ்வுக் கிதாபுகளை, அறபு எழுத்து என்ற ஒரே பயத்தில் விறகுப் பரணில் ஒளித்துவைத்தேன். அப்போது மகளுக்கு 13 வயது. விறகை அடுக்க அவள்தான் உதவி செய்தாள். புத்தகத்தை ஒளித்துவைக்கும் வித்தையை என் வீட்டில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாம் இரவு முடித்தேன். 'ஃபோர்க்ஸ்' என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் போர். அது வொஷிங்டன் மாநிலத்தில் உண்மையாகவே உள்ள ஊர். மழை மிகுந்த இடமாகத் தேடித்தான் எழுத்தாளர் அதைப் பிடித்தாராம். ஃப்ரெட் போருக்குப் போகவில்லை, நழுவிவிடுகிறான். கனடாவின் வன்கூவர் நகரத்தில் ஒரு நாள் காத்திருப்பேன், வந்து சேர் என்று ப்ரீயிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அவளும் போயிருக்கலாம். ஆனால் டியேகோ போர்க்களத்தில் நிற்பான் என்று ரைலி சொல்லியிருக்கிறானே! அதை நம்பிப் போகிறாள். டியேகோ அங்கே இல்லை. எப்போதோ கொல்லப்பட்டுவிட்டான். எதிர்த்தரப்புக் குடும்பம் மனிதரைத் தொடாமல் மிருக இரத்தத்தில் வாழ்பவர்கள். அவர்களின் தலைவர், வைத்தியர், சரணடைந்த இந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறார். நாங்கள் வளர்க்கிறோம் என்று மன்றாடுகிறார். அப்போது கறுப்பு அங்கிக்காரர்கள் வருகிறார்கள். இத்தாலியின் வொல்ற்றெரா நகரத்தில் இருந்துகொண்டு காட்டேறிகளுக்கெல்லாம் சட்டம் செலுத்துபவர்கள். இந்தப் போர் நடக்கப்போவது அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தம் ஆதாயத்துக்காக விட்டுவைத்தவர்கள். அவர்கள் அந்த 'அவளை' இரகசியமாகச் சந்தித்ததை ப்ரீ ஒளிந்திருந்து பார்த்திருக்கிறாள். ஆகவே சாட்சி. காழியே குற்றத்தில் பங்காளியானால் சாட்சியின் கதி என்ன? சரணடைந்த பிள்ளையைக் கொல்லச் சொல்கிறார்கள். மனதில் நினைப்பதைப் படிக்கக்கூடிய ஒருவன் அந்தக் குடும்பத்தில் இருக்கிறான். சாகும் நேரத்தில் ப்ரீ அவனுக்கு மனதால் ஒரு செய்தி சொல்கிறாள். ஃப்ரெட்டை எங்காவது கண்டால் அவனோடு நல்லபடி நடந்துகொள்ளுங்கள் என்று.

அதோடு முடிந்துவிடுகிறது. ரோர்ச்சும் மங்கிக்கொண்டு வந்தது. நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

அடுத்த நாள் இஷாவுக்குப் பிறகு விறாந்தையில் கதிரையில் இருந்தேன். மெழுகுவர்த்தி எரிகிறது. மகள் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மூன்று நாளாக நான் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் அவளுக்கு அதிகப் பயம்.

"வாப்பா, ஏசப்போறீங்களா?"

"இல்ல மகள். இரிங்க."

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சேன். அந்தப் புள்ளயக் கொண்டுட்டாங்களே!"

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்கு அது தெரியாமத்தான் வாசிச்சீங்களா? எனக்கு மொதல் பக்கத்திலயே தெரியும் வாப்பா. மூணாவது புத்தகத்தில அவ சாகிறது வருது. தெரிஞ்சிக்கிட்டே வாசிச்சேன். ஒவ்வொரு எடத்திலயும், ஓடு, ஃப்ரெட்டோட ஓடு எண்டு சொல்லிக்கிட்டு வாசிச்சேன்."

நான் தப்பிவிடுவாள் என்று நம்பி வாசித்தேன். அவள் தப்பமாட்டாள் என்று தெரிந்து வாசித்தாள். ஒரே புத்தகம், ஒரே வீடு. யாருக்கு வலி அதிகம் என்று இன்றுவரை எங்களுக்குள் தீர்வில்லை.

"எந்த எடம் உங்களுக்குப் புடிச்சிச்சி?" என்று கேட்டாள். வெயில் பட்டால் எரியாது என்று கண்டுபிடிக்கும் இடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமலிருந்தாள். பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கட பழய வீட்டுக் கெணறு மாதிரி."

வாசகர்களே, இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். என் உம்மா வாழ்ந்த பழைய வீட்டின் பின்னால் ஒரு கிணறு. கட்டு உடைந்தது, பலா மரத்தடியில் இலை மூடிக் கிடக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது அங்கே ஓடிவிடுவாள். எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள். ஒருநாள் பக்கத்தில் இருத்தி, குரலைத் தாழ்த்தி, அந்தக் கிணற்றில் ஒரு ஜின் குடியிருக்கிறது, பிள்ளைகள் கிட்டே போனால் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். அதன் பின் அவள் போகவில்லை. நல்ல உபாயம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஜின் என்று வேறொருவர் சொன்னால் கதை. மௌலவி வாப்பா சொன்னால்?

"எனக்கு எட்டு வயசுலயே தெரியும் வாப்பா. சாச்சாட மகனோட போய்ப் பார்த்தேன். ஒண்டும் இல்ல. ரெண்டு தவளையும் ஒடஞ்ச வாளியும்தான் இருந்திச்சி."

"ஏன் மகள் என்னட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீங்க வெக்கப்படுவீங்களே."

எட்டு வயதுப் பிள்ளை என் மானத்தைக் காத்துக்கொண்டு எட்டு வருடம் இருந்திருக்கிறாள். இந்த எட்டு வருடத்தில் நான் அவளுக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். மறைவானவற்றைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் அடக்கமாகக் கேட்பாள். மறுத்துப் பேசமாட்டாள். அதைத் தக்வா என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லுவேன். அவளோ ஒவ்வொன்றையும் கேட்கும்போது இதுவும் கிணறோ என்று மனதுக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு தாய் தன் குழந்தையை, வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்ததையும், என்ன கொடுக்கப் போகிறாய் என்று நபியவர்கள் வினவியதையும், பேரீத்தம்பழம் என்று அவள் சொன்னதையும், ஒன்றும் கொடுக்காவிட்டால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அவர்கள் சொன்னதையும் நான் வருடாவருடம் வகுப்பில் படிப்பித்து வந்திருக்கிறேன். கரும்பலகையில் எழுதிக்காட்டி, கொப்பிகளில் 'சரி' போட்டு வந்திருக்கிறேன். எனக்கு அது பாடமாக இருந்தது.

பொய் சொன்னது பிழை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மகளிடம் கேட்டேன். ரைலி கூடாத நோக்கத்துக்காகச் சொன்னான், நான் பிள்ளை விழுந்துவிடக்கூடாதே என்று சொன்னேன் என்று ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. கிணற்றின் ஆழத்தை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதேயில்லை. தவளையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இன்னும் ஓரடி எட்டிவைத்திருந்தால்? ஜின் இல்லை என்று தெரிந்த அந்தக் கணம் அவளுக்குக் கிணறே இல்லாமல் போயிருக்கிறது.

"அப்ப நான் சிலது கேக்கட்டா?" என்றாள். கேட்டாள். மெழுகுவர்த்தி உருகித் தட்டில் படிந்து அணையும்வரை கேட்டாள். என்ன கேட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் உரியது. தெரிந்ததற்கு விடை சொன்னேன். இரண்டு கேள்விக்குத் தெரியாது என்றேன். அவற்றில் ஒன்றுக்குக் கிதாபு பார்த்து, நோன்பு பதினைந்தில் வந்து சொன்னேன். மற்றதற்கு இன்னும் தெரியாது.

அதன் பின் முதலாம் புத்தகத்தையும் சிநேகிதியிடமிருந்து வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். வாசித்தேன். அதிலுள்ள கதாநாயகன் 1918ஆம் ஆண்டு ஸ்பானியக் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேறியாக்கப்பட்டவன். நூறு வயது தாண்டியவன். அவன் இரவில் ஒரு பெண்பிள்ளையின் அறைக்குள் அனுமதியில்லாமல் புகுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! அங்கே நிறுத்திவிட்டேன். வீட்டுக்குள் நுழைய மூன்று தரம் அனுமதி கேட்கப் படித்தவன் நான். இதற்குப் பெயர் காதலல்ல என்றேன். "அது எனக்கும் புடிக்கல்ல வாப்பா" என்றாள். பிறகு அரைமணி நேரம் அவனுக்காக வாதாடினாள். ப்ரீயின் சிறிய புத்தகம்தான் தொடரில் நல்லது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

மகள் இப்போது உயர்தரமும் எழுதிவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் சிலவேளை திடீரென்று, "ஃப்ரெட் என்ன செஞ்சிருப்பான் வாப்பா?" என்று கேட்பாள். வன்கூவரில் ஒரு நாள் காத்திருப்பேன் என்று சொன்னவன். அவன் என்ன ஆனான் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. ஒரு நாள் சொல்லிவிட்டு மூன்று நாள் நின்றிருப்பான் என்பது என் கட்சி. இரண்டு மணித்தியாலத்திலேயே போயிருப்பான், அவன் புத்திசாலி என்பது அவள் கட்சி. மனைவிக்கு இந்த ஃப்ரெட் யாரென்று இன்னும் தெரியாது. எங்கள் சொந்தக்காரப் பையன் யாரோ வெளிநாட்டில் தொலைந்துவிட்டான் என்று நினைத்து ஒருநாள் கவலையோடு விசாரித்தார்.

போன பெருநாளைக்குப் பழைய வீட்டுக்குப் போனோம். இளைய மகளுக்கு ஆறு வயது. பலா மரத்தடிக்கு ஓடினாள். "வாப்பா, இதுக்குள்ள என்ன இரிக்கி?" என்று கத்தினாள். மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி" என்றேன். "சரியான ஆழம். விழுந்தா எடுக்க ஏலாது."

"எவ்வளவு ஆழம்?"

அது எனக்கும் தெரியாது. தம்பியிடம் கயிறு வாங்கி, நுனியில் ஒரு கல்லைக் கட்டினோம். சின்னவளின் இடுப்பை மூத்தவள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொள்ள, அவள் கையாலேயே கயிற்றை விடச் சொன்னேன். கல் போய்க்கொண்டே இருந்தது. சின்னவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இழுத்து முற்றத்தில் நீட்டிப் போட்டு அளந்தபோது பதினேழு முழம் இருந்தது.